ஆண் பாதி, பெண் பாதி: விதை எடுக்கிற உழவருக்கு ஒரு கணக்குப் பாடம்

கடையில் வாங்கிப் போட்ட வீரிய ஒட்டுக் கத்தரியில் நல்ல செடியாகப் பார்த்து, நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விடுகிறோம். அடுத்த பட்டத்தில் நட்டால் ஒரு செடியில் காய் நீளம், ஒன்றில் உருண்டை, ஒன்றில் நிறமே வேறு. அதே வீட்டில் பல வருசமாக எடுத்து வைக்கிற கிச்சிலிச் சம்பா மட்டும் போட்ட மாதிரியே விளைகிறது. நிலம் அதேதான், எரு அதேதான், விதை எடுத்த கையும் அதேதான். "கம்பெனிக்காரன் விதையில எதையோ கலந்துட்டான்" என்று நம்ம ஆட்கள் பேசிக்கொள்வதும் உண்டு.

இந்தக் கலப்பு பூவுக்குள் நடக்கிறது. எந்தக் கம்பெனியும் வராத காட்டுச் செடியிலும் நடக்கிறது. மாட்டிலும் கோழியிலும் நம்மிடத்திலும் நடக்கிறது. பள்ளிப் பாடத்தில் இதைக் குன்றல் பகுப்பு என்று படித்திருப்போம். மியாசிஸ் என்றும் சொல்வார்கள். கிரேக்க மொழியில் 'குறைதல்' என்று பொருள். தேர்வு எழுதிய கையோடு மறந்துபோன பாடம்தான். ஆனால் விதையைச் சொந்தமாக வைத்துக்கொள்ள நினைக்கிற உழவருக்கு இதைவிடப் பயன்படும் பாடம் குறைவு.

சோடிக் கணக்கு

நெல்லின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 24 குரோமோசோம்கள் உண்டு. குணங்களை எழுதி வைத்த நூலிழைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 24-ம் தனித்தனி அல்ல, 12 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய்ப் பூவின் சூலிலிருந்து வந்தது, மற்றது தந்தையின் மகரந்தத்திலிருந்து வந்தது. ஒரே குணத்துக்கு இரண்டு பிரதி இருக்கிறது என்று பொருள்.

இலை வளரும்போதும் வேர் வளரும்போதும் செல் இரண்டாகப் பிரிகிறது. அப்போது 24-ஐயும் நகலெடுத்து, ஆளுக்கு 24 என்று பிரித்துக்கொள்ளும். இது சாதாரணப் பகுப்பு. கரும்புக் கரணையும் வாழைக் கன்றும் அம்மாவைப் போலவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஆண் அணுவும் பெண் அணுவும் சேர்ந்து குழந்தை உண்டாகிற இடத்தில் இந்த வழி உதவாது. 24-ம் 24-ம் சேர்ந்தால் 48 ஆகும். அடுத்த தலைமுறையில் 96. நாலைந்து தலைமுறையில் செல் தாங்காது. எனவே சேர்வதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பாதியாகக் குறைந்தாக வேண்டும். ஆண் பக்கம் 12, பெண் பக்கம் 12. சேர்ந்தால் மறுபடி 24.

இந்தப் பாதியாக்கம் நான்கு படியாக நடக்கிறது.

முதல் படி: ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை ஒருமுறை நகலெடுத்து இரட்டைப் புரியாக நிற்கும்.

இரண்டாம் படி: தாய் வழி வந்ததும் தந்தை வழி வந்ததும் தன் சோடியைத் தேடிப் பிடித்து ஒட்டி நிற்கும். அப்போது இரண்டும் அங்கங்கே துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இரண்டு கயிறுகளை ஒரே இடத்தில் அறுத்து, இதன் முனையை அதிலும் அதன் முனையை இதிலும் முடிந்ததுபோல. இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர்.

மூன்றாம் படி: சோடி பிரியும். ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி கிடையாது. ஒவ்வொரு சோடியும் தனித்தனியாகப் பூவா தலையா போட்டுக்கொள்கிறது.

நான்காம் படி: இரட்டைப் புரியும் பிரியும். ஒரு செல்லில் தொடங்கியது நான்கு செல்லாக முடியும். ஒவ்வொன்றிலும் 12 மட்டும்.

பாதியாவது ஒரு வேலை. குலுக்கிப் போடுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. 12 சோடியும் பூவா தலையா போட்டால் எத்தனை விதமான பாதிகள் வரும்? இரண்டை 12 முறை பெருக்கிப் பாருங்கள், 4,096. தாய்ப் பக்கம் அத்தனை, தந்தைப் பக்கம் அத்தனை. இரண்டும் சேரும்போது 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் சேர்க்கைகள். துண்டு மாற்றத்தை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதை ஏன் ஆளுக்கு ஒரு முகம் காட்டுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஆண் பக்கம்: நாலும் பிழைக்கும்

ஒரு நெல் பூவைக் காலை ஒன்பது, பத்து மணிக்கு விரித்துப் பாருங்கள். ஆறு மகரந்தப் பைகள் தொங்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் மகரந்தத் தாய்ச் செல்கள் நிறைய உண்டு. ஒவ்வொரு தாய்ச் செல்லும் குன்றல் பகுப்பு அடைந்து நாலாகும். அந்த நாலும் நாலு மகரந்தத் தூளாக முதிரும். எதுவும் வீணாகாது. அதனால்தான் ஆண் பக்கம் எப்போதும் எண்ணிக்கை அதிகம்.

காளையிலும் இதே கதைதான். ஒரு தாய்ச் செல்லிலிருந்து நாலு விந்தணு. மாட்டுக்குக் குரோமோசோம் 60, விந்தணுவில் 30. பருவம் வந்த நாளிலிருந்து விதைப்பைக்குள் இந்த வேலை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 60 நாள் ஆகிறது. எனவே காளைக்குக் கடும் காய்ச்சல் வந்தாலோ வெயிலில் கட்டி வதைத்தாலோ, அதன் விளைவு அன்றோடு போகாது. அடுத்த இரண்டு மாதம் சினைப் பிடிப்பில் அது தெரியும். ஊர்க் காளை வளர்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பெண் பக்கம்: மூன்று விட்டுக்கொடுக்கும்

பெண் பக்கம் கணக்கு வேறு. சூலுக்குள் ஒரே ஒரு தாய்ச் செல்தான் பெரும்பாலும் இருக்கும். அதுவும் குன்றல் பகுப்பில் நாலாகிறது. ஆனால் நாலில் மூன்று கரைந்து போகும். மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்று மூன்று முறை சாதாரணமாகப் பிரிந்து எட்டு உட்கருக்கள் கொண்ட கருப்பையாக மாறும். அதில் ஒன்றுதான் முட்டை.

ஏன் இந்த இழப்பு? பெண் அணு வெறும் குணத்தை மட்டும் சுமப்பதில்லை. குழந்தை முளைத்து நிற்கும்வரை வேண்டிய சரக்கையும் சுமக்கிறது. நாலு பேருக்குப் பங்கு போட்டால் யாருக்கும் போதாது. எனவே சொத்து முழுவதையும் ஒருத்திக்கு எழுதி வைத்துவிட்டு மற்ற மூவரும் விலகிக்கொள்கிறார்கள்.

பசுவில் இது இன்னும் வெளிப்படை. செல் பிரியும்போதே சமமாகப் பிரியாது. ஒன்று பெரிய முட்டை, மற்றது சிறு துணுக்கு. துணுக்கு அழியும், முட்டை நிற்கும். இன்னொரு வியப்பு: கிடேரிக் கன்று தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகள் குன்றல் பகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. பாதியில் நின்றுவிடும். அது வளர்ந்து பருவத்துக்கு வரும்போது முட்டை ஒன்று விழித்து மேற்கொண்டு பிரியும். விந்தணு வந்து சேர்ந்த பிறகுதான் வேலை முழுதாக முடியும். வருசக்கணக்கில் காத்திருக்கிற வேலை அது. சினை மாட்டைப் பட்டினி போடாமல் வளர்ப்பது அதன் கன்றுக்கு மட்டும் செய்கிற உதவி அல்ல. கன்றுக்குப் பிறக்கப் போகும் கன்றுக்கும் சேர்த்துச் செய்கிற உதவி.

சரக்கு தாயிடமிருந்து வருவதால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. குரோமோசோமுக்கு வெளியே செல்லின் சாற்றில் இருக்கிற சில குணங்கள் தாய் வழியாக மட்டுமே இறங்கும். வீரிய ஒட்டு நெல் உற்பத்தியே இதை நம்பித்தான் நடக்கிறது. 1970-ல் சீனாவின் ஹைனான் தீவில் மகரந்தம் கருகிப்போகிற ஒரு காட்டு நெல்லைக் கண்டெடுத்தார்கள். மகரந்தம் மலடு, சூல் நல்ல நிலை. அந்த மலட்டுத்தன்மை தாய் வழியாக இறங்கும். அப்படிப்பட்ட தாய்ப் பயிரை ஒரு வரிசையிலும் வேறு தந்தைப் பயிரைப் பக்கத்து வரிசையிலும் நட்டால், தாய்ப் பயிரில் விளைவது எல்லாம் ஒட்டு விதை. 1994-ல் நம்ம ஊரில் வந்த கோ.ஆர்.எச். 1 முதற்கொண்டு பல ஒட்டு நெல் ரகங்கள் இந்த வழியில் வந்தவைதான்.

பாதி பாதியாக இல்லாமல் போனால்

இயற்கை எப்போதும் கணக்குப் பிசகாமல் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பிசகியதால் நமக்குக் கிடைத்த பயிர்களும் உண்டு.

வாழையைப் பாருங்கள். காட்டு வாழைக்குக் குரோமோசோம் 22, அதாவது 11 சோடி. பழம் முழுக்க விதை. நாம் நடுகிற பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாவற்றுக்கும் 33. ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. மூன்றைச் சோடி சேர்க்க முடியாது, பாதியாகவும் பிரிக்க முடியாது. குன்றல் பகுப்பு தடுமாறி நல்ல சூலும் மகரந்தமும் உருவாவதில்லை. அதனால் விதையில்லாப் பழம். அதனால்தான் பக்கக் கன்று எடுத்து நடுகிறோம்.

கரும்பில் நடந்தது இன்னும் சுவையானது. கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1912-ல் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பைத் தாயாகவும், வாய்க்கால் ஓரத்துக் காட்டுக் கரும்பான நாணலைத் தந்தையாகவும் வைத்துச் சேர்த்தார்கள். அதில் வந்ததுதான் கோ 205. வட இந்தியக் கரும்பு வேளாண்மையையே மாற்றிய ரகம். தாய்க்குக் குரோமோசோம் 80, தந்தைக்கு 64. முறைப்படி குழந்தைக்கு 40-ம் 32-ம் சேர்ந்து 72 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 112. தந்தை ஒழுங்காகப் பாதியைக் கொடுத்தது. தாயோ பாதியாக்காமல் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது! தாயின் இனிப்பும் தடிமனும் தூக்கலாக இறங்கியதற்கும், நாணலின் முரட்டு உடம்பு கூடவே வந்ததற்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு.

இந்த மாதிரிக் குரோமோசோம் எண்ணுவதில் உலகப் பெயர் பெற்றவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். 1930-களில் கோவை நிலையத்தில் கரும்போடு மக்காச்சோளத்தைக்கூடச் சேர்த்துப் பார்த்தவர். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் அவர் வெளியிட்ட நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். கடைசிக் காலத்தில் அவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக் களத்தில். 1984-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைக்குப் போகிற பேருந்து தினமும் மதுரவாயலைக் கடந்துதான் போகிறது.

தன் பூவிலேயே சேர்கிற பயிர்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கிச்சிலிச் சம்பா ஏன் மாறவில்லை?

நெல்லுக்குத் தன் மகரந்தம்தான் பெரும்பாலும் தன் சூலில் விழும். பூ திறக்கும்போதே சேர்க்கை முடிந்துவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்ததால் சோடியில் இரண்டு பிரதியும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. குலுக்கல் இங்கேயும் நடக்கிறது. ஆனால் இரண்டு கையிலும் ஒரே சீட்டு இருந்தால் எத்தனை முறை குலுக்கினாலும் விழுவது அதே சீட்டுதான்.

ஒட்டு விதையில் இரண்டு பிரதியும் வேறு வேறு. ஒரு குணத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவோம். ஐ.ஆர். 8 உருவான கதை நல்ல எடுத்துக்காட்டு. தைவானின் குட்டை நெல்லையும் இந்தோனேசியாவின் உயர நெல்லான பேட்டாவையும் சேர்த்தார்கள். முதல் தலைமுறை எல்லாமே உயரம். குட்டைக் குணம் உள்ளே இருந்தும் அடங்கிக் கிடந்தது. அந்தப் பயிரில் குன்றல் பகுப்பு நடந்தபோது, மகரந்தத்தில் பாதி உயரப் பிரதியோடும் பாதி குட்டைப் பிரதியோடும் உருவாயின. சூலிலும் அப்படியே. இவை சேரும்போது 100 செடிக்குச் சராசரியாக:

25 செடி: இரண்டும் உயரப் பிரதி.
50 செடி: ஒன்று உயரம், ஒன்று குட்டை. பார்க்க உயரம்தான்.
25 செடி: இரண்டும் குட்டைப் பிரதி.

அந்த 25-லிருந்து பொறுக்கி வளர்த்ததுதான் 1966-ல் வெளிவந்த ஐ.ஆர். 8. ஒரே குணத்துக்கு இப்படி. ஒட்டுக் கத்தரியில் நிறம், நீளம், முள், காய்ப்பு, நோய் தாங்கும் திறன் என்று எத்தனையோ குணங்கள் ஒரே நேரத்தில் பிரிகின்றன. கலந்து வராமல் எப்படி இருக்கும்?

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையை எடுத்து வைக்கவும் மறுபடி விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும், பெயர் முத்திரை போடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. ஆனால் ஒட்டு விதைக்காரருக்குச் சட்டம் தேவைப்படுவதில்லை. பூவுக்குள் நடக்கிற குலுக்கலே அவருடைய பூட்டு. வருசா வருசம் நாமே கடைக்குப் போய் நிற்கிறோம். தன் பூவில் சேர்கிற மரபு ரகத்தில் அந்தப் பூட்டு கிடையாது. உரிமை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, கையில் இருக்கிற விதையும் அதற்கு ஒத்து வர வேண்டும்.

இதில் நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. கலந்து வந்ததை எல்லாம் தூக்கிப் போட வேண்டியதில்லை. தன் பூவில் சேர்கிற பயிரில் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறுபட்ட சோடிகள் பாதியாகக் குறையும். 100, 50, 25, 12.5, 6 என்று இறங்கி ஏழாவது தலைமுறையில் 2-க்கும் கீழே வந்துவிடும். பிடித்த செடியை மட்டும் தனித்தனியாக எடுத்து ஆறேழு பட்டம் போட்டால் உங்கள் ஊருக்கென்று ஒரு நிலையான ரகம் கிடைக்கும். வயலில் மாறுபட்டு நிற்கிற ஒரு கதிரை மதிக்கத் தெரிந்தவர்கள் கண்டதுதான் ஜி.இ.பி. 24. ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்து 1921-ல் வந்த அந்த ரகம், பிற்காலத்து நெல் ரகங்கள் பலவற்றுக்கு மூதாதை.

தந்தை தெரியாத காய்

பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீயும் மற்றப் பூச்சிகளும் கொண்டுவருகிற மகரந்தம் எந்த வீட்டுத் தோட்டத்தது என்று நமக்குத் தெரியாது. இங்கே நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. காயின் தோலும் சதையும் தாயின் உடம்பு. அதனால் தந்தை யாராக இருந்தாலும் காய் தாய் மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கிற விதையில்தான் தந்தையின் பாதி ஒளிந்திருக்கிறது. அடுத்த பட்டத்தில்தான் வெளியே வரும். மக்காச்சோளத்தில் மட்டும் மணியின் நிறத்திலேயே அந்த வருசமே தெரிந்துவிடும். ஒரே கதிரில் மஞ்சளும் வெள்ளையும் கலந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்திய விதைச் சான்று விதிமுறையில் நெல்லுக்கு இடைவெளி 3 மீட்டர் போதும். கத்தரிக்கு ஆதார விதை என்றால் 200 மீட்டர், சான்று விதை என்றால் 100 மீட்டர். பூசணிக் குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேண்டும். இது எதற்கு என்று இப்போது புரியும். தாயை நாம் கையில் வைத்திருக்கிறோம், தந்தையைத் தள்ளி வைக்கத்தான் இந்த இடைவெளி.

மண்ணூர், வளர்புரம், ஒரகடம் பக்கம் 1990-களின் கடைசியிலிருந்து தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. மதில் சுவருக்கும் மனைப் பிரிவுக்கும் இடையில் அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று துண்டு நிலத்தில் விதை காக்கிறவருக்கு 500 மீட்டர் எங்கே கிடைக்கும்? அப்படிப்பட்ட இடத்துக்கு நூல் போதும். நாளை மலரப் போகிற பெண் பூவையும் ஆண் பூவையும் இன்றே பார்த்து, இதழ் நுனியை நூலால் கட்டிவிடுங்கள். பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருக்கும், அதுதான் அடையாளம். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும். மலரும் நேரத்தில் இன்னொரு செடியின் ஆண் பூவை அவிழ்த்து, பெண் பூவின் சூல்முடியில் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். காம்பில் ஒரு சிவப்புத் துணி. அந்தக் காய் மட்டும் விதைக்கு. தந்தை யார் என்று உங்களுக்குத் தெரியும்.

எத்தனை செடியிலிருந்து எடுப்பது என்பதும் இதே கணக்கில் அடங்கும். ஒரு செடி ஒரு குழந்தைக்குத் தன் பாதியைத்தான் கொடுக்கிறது. மீதிப் பாதி அந்தக் குழந்தையில் இல்லை. ஒரே ஒரு நல்ல பூசணியிலிருந்து மட்டும் வருசா வருசம் விதை எடுத்தால் ஊர் ரகத்தின் பல குணங்கள் சத்தமில்லாமல் கழன்று போகும். பத்துப் பதினைந்து கொடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மக்காச்சோளம், கம்பு போன்றவற்றுக்கு நூறு செடிக்குக் குறைய வேண்டாம். ஒரு வீட்டில் இடமில்லை என்றால் நாலு வீட்டில் அதே ரகத்தைப் போட்டு விதையைக் கலந்துகொள்ளலாம். துண்டு நிலத்துக்காரர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

அந்த ஒரு வாரத் தண்ணீர்

குன்றல் பகுப்பு எப்போது நடக்கிறது என்று தெரிந்தால் நீர்ப் பாய்ச்சலிலும் உதவும். நெல்லில் கதிர் வெளிவருவதற்கு ஏறத்தாழ 10, 12 நாள் முன்னால், கதிர் இன்னும் தொண்டைக்குள் இருக்கும்போது மகரந்தத் தாய்ச் செல்கள் பிரிகின்றன. வெளியிலிருந்து பார்க்க ஓர் அடையாளம் உண்டு. கடைசியாக வருகிற கண்ணாடி இலையின் கழுத்தும் அதற்குக் கீழ் இலையின் கழுத்தும் ஒரே மட்டத்துக்கு வருகிற சமயம் அது.

அந்த நாட்களில் வயல் காய்ந்தால் முதலில் அடிபடுவது ஆண் பக்கம். சூல் ஓரளவு தாங்கும், மகரந்தம் மலடாகும். பயிர் பச்சையாகத்தான் நிற்கும். கதிரும் வரும். உருவிப் பார்த்தால் பாதி பதர். அதன்பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும், எந்தக் கரைசல் தெளித்தாலும் போன மகரந்தம் திரும்பாது. வரத்துக்கால் அடைபட்டு ஏரி பாதி நிரம்புகிற ஊர்களில், இருக்கிற தண்ணீரை எப்போது விடுவது என்ற பேச்சு மதகடியில் வரும்போது இந்த வாரத்துக்கு முதலிடம் கொடுங்கள். நவரையிலும் சொர்ணவாரியிலும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். பூக்கிற நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாகக் கொட்டாது. அந்த நாட்களிலும் வயலில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாட்டிலும் வீட்டிலும்

கலப்பின மாட்டிலிருந்து நாட்டு மாட்டுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கும் பாதிக் கணக்குதான். பாதிக்குப் பாதி சீமைக் கலப்புள்ள பசுவுக்குத் தூய நாட்டுக் காளை சேர்த்தால் கன்றில் சீமைப் பங்கு சராசரி 25 சதம். அந்தக் கிடேரிக்கு மறுபடி நாட்டுக் காளை சேர்த்தால் 12.5. அடுத்து 6. நாலு தலைமுறையில் 3 சதம். இது சராசரிதான். குலுக்கலில் ஒரு கன்றுக்குக் கூடவும் ஒன்றுக்குக் குறையவும் வரும். அதனால் கணக்கை மட்டும் நம்பாமல், கொம்பும் திமிலும் கறவையும் பார்த்துக் கன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பப்பாளியில் ஆண், பெண் தனி மரமாக வருகிற ரகத்தில் கன்றுகள் ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிவதும் இதனால்தான். பெண் மரத்தின் சூல்கள் எல்லாம் ஒரே வகை. ஆண் மரத்தின் மகரந்தம் இரண்டு வகை. எது முந்துகிறதோ அதைப் பொறுத்துக் கன்று ஆணா பெண்ணா என்று அமையும். எனவே குழிக்கு மூன்று நாலு கன்று நட்டு, பூத்த பிறகு 20 பெண்ணுக்கு ஓர் ஆண் என்று விட்டு மற்ற ஆண்களைக் கழிக்கிறோம்.

மாட்டிலும் அப்படியே. பசுவின் முட்டைகள் எல்லாம் ஒரே வகை. காளையின் விந்தணுவில் பாதி ஒரு வகை, பாதி இன்னொரு வகை. காளைக் கன்றாகப் போடுகிறது என்று பசுவைக் குறை சொல்வதில் பொருளில்லை. கோழியில் மட்டும் தலைகீழ்: அங்கே முட்டைதான் இரண்டு வகை, சேவலுடையது ஒரே வகை.

நம் வீட்டிலும் கணக்கு மாட்டைப் போலத்தான், கோழியைப் போல இல்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையிடமிருந்து வருகிற பாதியில் இருக்கிறது. அதுவும் பூவா தலையாதான், யார் விருப்பமும் அதில் இல்லை. பெண் பிள்ளையாகப் பெற்றாள் என்று மருமகளை ஏசுகிற வழக்கம் இன்னும் நம் ஊர்களில் ஒழியவில்லை. பப்பாளிக் கன்றில் இந்த நியாயம் புரிந்தவருக்கு வீட்டிலும் புரிய வேண்டும்.

இந்தப் பட்டத்தில் செய்து பார்க்க

ஒட்டுக் கத்தரி ஒன்றிலிருந்து விதை எடுத்து நாற்பது செடி தனிப் பாத்தியில் நடுங்கள். பக்கத்திலேயே நாட்டுக் கத்தரி நாற்பது. காய்க்கும்போது நிறம், வடிவம், காம்பில் முள் மூன்றையும் செடி செடியாக எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பாத்தி காட்டுகிற வேறுபாடு புத்தகத்தைவிட நன்றாக மனதில் நிற்கும். இரண்டு பாத்தியும் அருகருகே இருப்பதால் அவற்றிலிருந்து விதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கத்தரியில் பூச்சி மூலம் அயல் கலப்பு நடக்கும்.

விதைப் பானையில் இனி ரகப் பெயரோடு நான்கு விவரம் சேர்த்து எழுதுங்கள்: எத்தனை செடியிலிருந்து எடுத்தது, அதே பயிர் பக்கத்தில் எவ்வளவு தூரத்தில் இருந்தது, கையால் சேர்த்ததா பூச்சி சேர்த்ததா, தொண்டைக்கதிர் சமயத்தில் தண்ணீர் இருந்ததா. பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு படி விதை கொடுக்கும்போது இந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். தாய் யார், தந்தை யார் என்று தெரிந்து வாங்குகிற விதையை அவரும் நம்பி விதைப்பார்.